மீதி இரண்டு

டிப்ளமா முடித்து ரயில்வேயில் பொறியாளராகக் காலமெல்லாம் கணக்கோடு வாழ்ந்தவன் நான். ஆனாலும் மூன்றாம் வகுப்புப் பேத்தி, "தாத்தா, 14ஐ 4ஆல் எப்படி வகுப்பது?" என்று கேட்டபோது, வாய்பாட்டை ஒப்பிக்கச் சொல்லி அதட்டினேன். குழந்தை அழுதுவிட்டாள். அவள் அப்பாவையும் அந்நாளில் இப்படித்தான் அழவைத்தேன். இன்றும் அவனுக்குக் கணக்கென்றால் கசப்புதான்.

மறுநாள் 12 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, "நாலு பேருக்குச் சமமாகப் பங்கு வை" என்றேன். ஒவ்வொன்றாக வைத்தாள். ஆளுக்கு 3. இங்கே நாக்பூர்ப் பள்ளியில் இந்தி டீச்சர் சொல்லும் 'பாக்'கும் நம் வீட்டுப் 'பாக'மும் ஒரே சொல்தான் என்றதும் முகம் மலர்ந்தது.

வகுத்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 72 பெர்த் கொண்ட பழைய ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு தடுப்புக்கு எதிரெதிரே 6, பக்கவாட்டில் 2, ஆக 8 பெர்த். எத்தனை தடுப்பு? 72லிருந்து எட்டெட்டாகக் கழித்தாள். 9 தடவையில் தீர்ந்தது. பங்கிடுவதும் திரும்பத் திரும்பக் கழிப்பதும் கைக்குப் பழகிய பிறகே வாய்பாடு சுருக்குவழியாக உதவும்.

கடைசியில் 14க்கு வந்தோம். ஆளுக்கு 3, மீதி 2. "கொட்டைன்னா மீதி 2. இட்லின்னா ஆளுக்கு இன்னும் அரை, தாத்தா!" என்றாள், நான் சொல்லிக் கொடுக்காமலே.

அன்றிரவு மகனிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாமேப்பா" என்றான்.

பெற்றோர்களே, பென்சிலுக்கு முன் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுங்கள்.