பக்கிங்காம் கால்வாய்: மரக்காணம் கடைமுனை

ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வழியாகச் சுமார் 420 கி.மீ. வரும் கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. கடலை ஒட்டியே, ஆனால் அலைக்கு அஞ்சாமல் தோணிகள் போய்வந்த வழி இது. காற்று வாட்டமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் ஆட்கள் கரையோரம் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் கழி ஊன்றித் தள்ளுவார்கள். உப்பும் விறகும் நெல்லும் இப்படித்தான் சென்னை போய்ச் சேர்ந்தன. உப்பளங்கள் இன்றும் இருக்கின்றன. உப்பு லாரியில் போகிறது.

முதல் பகுதி 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதியைத் தோண்டியவர்கள், 1877-78 பெரும் பஞ்சத்தில் நிவாரணக் கூலிக்கு வந்த பசித்த மக்கள். கால்வாய்க்கு இடப்பட்ட ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் படிக்கும்போது அவர்களையும் நினையுங்கள்.

ரயிலும் சாலையும் சரக்கைப் பறித்தன. 1965, 1966 புயல்கள் கரைகளைச் சிதைத்தன. மண் தூர்ந்து படகுப் போக்குவரத்து நின்றது. கால்வாய் அதோடு பயனற்றுப் போய்விடவில்லை: 2004 சுனாமியில் கரையேறிய கடல்நீரை வாங்கிக்கொண்டு, பல மீனவ ஊர்களில் உயிர்களைக் காத்தது.