உஷார்! ‘ஆறே மாதத்தில் டீச்சர்’ என்று அழைக்கிறார்கள்

பள்ளிகள் திறக்கும் நேரம் நெருங்கினால் அந்த நோட்டீஸ்களும் வந்துவிடும். மின்கம்பத்தில், ஷேர் ஆட்டோவின் முதுகில், வாட்ஸ்அப் குரூப்பில், உள்ளூர் கேபிள் டிவியின் அடிவரியில். “பெண்களுக்கு அரிய வாய்ப்பு! ஆறே மாதத்தில் மான்டிசோரி டீச்சர். அரசு அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ. நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்.”

இந்த நோட்டீஸைப் பார்த்து போன் செய்பவர்கள் யார்? பிளஸ் டூ முடித்துவிட்டு வெளியூர் கல்லூரிக்கு அனுப்பப்படாத பெண். பிள்ளை பெற்றபின் வேலையை விட்டுவிட்டு, மறுபடி சொந்தக் காலில் நிற்கத் துடிக்கும் தாய். பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்கும் வேலைதானே, வீட்டிலும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பும் மருமகள். வளையலை அடகு வைத்துத்தான் இவர்களில் பலர் முதல் தவணையைக் கட்டுகிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது, கைக்கு வரும் காகிதம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் கேள்வி: எந்த வேலைக்கு?

சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை ஒன்றல்ல, பல. அங்கன்வாடி, அரசுப் பள்ளி, தனியார் நர்சரி, வெளிநாட்டுக் குழந்தைகள் காப்பகம் என ஒவ்வொன்றும் கேட்கும் தகுதி வேறு. ஏமாற்று நடப்பதே இந்த இடத்தில்தான். எல்லா வேலைக்கும் ஒரே சான்றிதழ் போதும் என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள்.

அங்கன்வாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-இல் தமிழக அரசு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வெளியிட்டது. பணியாளருக்குக் கேட்ட கல்வித்தகுதி பிளஸ் டூ தேர்ச்சி. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி. தனியார் பயிற்சி மையத்தின் என்.டி.டி. எனப்படும் நர்சரி ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவோ மான்டிசோரி டிப்ளமோவோ கட்டாயம் இல்லை. “எங்களிடம் படித்தால் அங்கன்வாடி வேலை நிச்சயம்” என்று யாராவது சொன்னால், தேவையே இல்லாத ஒன்றை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று பொருள். அந்த வேலைக்கான விண்ணப்பம் போக வேண்டிய இடம் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகம். இடையில் எந்த ஏஜென்ட்டுக்கும் இடமில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியை ஆக வேண்டுமா? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பதற்கான டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுத, இரண்டாண்டு தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம் போன்ற வரையறுத்த படிப்பு வேண்டும். நர்சரி டிப்ளமோவை வைத்து அந்தத் தேர்வை எழுத முடியாது. இதில் சட்டம் எவ்வளவு கறார் தெரியுமா? முறையாகப் பல்கலைக்கழகத்தில் படித்து வாங்கிய பி.எட். பட்டமே தொடக்க வகுப்புகளுக்குச் செல்லாது என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டத்துக்கே அந்த நிலை என்றால், மாடிப்படி ஏறினால் இருக்கும் ஒற்றை அறை அகாடமி அச்சடித்துத் தரும் காகிதத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

‘அரசு அங்கீகாரம்’ என்றால் எந்த அரசு, எந்தத் துறை?

மையத்தின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் காகிதங்களை நின்று வாசியுங்கள். அசோகச் சக்கரமும் ஆங்கில எழுத்துகளும் பார்த்து மிரள வேண்டாம்.

உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவு, கடை வைத்திருப்பவரும் இணையத்தில் இலவசமாக எடுக்கக்கூடியது. சங்கப் பதிவு, டிரஸ்ட் பத்திரம் ஆகியவை அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்று மட்டுமே சொல்கின்றன. ஐ.எஸ்.ஓ. 9001 ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறை பற்றியது. பாடத்திட்டத்தைப் பற்றியது அல்ல. டிரேட்மார்க், பெயருக்கும் சின்னத்துக்கும் மட்டுமான பாதுகாப்பு. இவற்றில் ஒன்றுகூட “இங்கே படித்தவர் ஆசிரியர் ஆகலாம்” என்று சொல்லவில்லை.

அதைச் சொல்லும் அதிகாரம் படைத்தது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ. அதற்கான சட்டம் 1993-இல் வந்தது. ஆசிரியர் கல்வி என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் தொடக்கப் பள்ளிக்கு முந்தைய நிலையும் சேர்ந்திருக்கிறது. 2014-இல் வந்த அதன் விதிமுறைகளில் மழலையர் கல்விக்கென்றே டி.பி.எஸ்.இ. என்ற பட்டயம் இருக்கிறது. அதன் காலம் இரண்டு கல்வியாண்டு. அங்கீகாரம் பெறாத நிறுவனத்தின் ஆசிரியர் பயிற்சி அரசு வேலைக்கும், அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கும் தகுதியாகாது. ஆகவே “நாங்கள் என்.சி.டி.இ. அப்ரூவ்டு” என்றால், ஆணையின் நகலைக் கேளுங்கள். அதில் இருக்கும் நிறுவனத்தின் பெயர், முகவரி, படிப்பின் பெயர் மூன்றையும் குழுமத்தின் இணையதளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேறு ஊரில், வேறு படிப்புக்கு வாங்கிய ஆணையைக் காட்டி இங்கே சேர்க்கை நடத்தினால் அது உங்களுக்கு உதவாது.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றுக்கு நிகரானவற்றுக்கும் மட்டுமே உண்டு என்று 1956-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சட்டம் சொல்கிறது. ‘பல்கலைக்கழகம்’ என்ற பெயரையும் கண்டவர் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் இந்த நோட்டீஸ்களில் ‘டிகிரி’ என்று இருக்காது. ‘டிப்ளமோ’, ‘அட்வான்ஸ்டு டிப்ளமோ’ என்று இருக்கும். பெயர்ப்பலகையில் ‘கவுன்சில்’, ‘போர்டு’, ‘மிஷன்’, ‘நேஷனல்’ என்று இருக்கும். கேட்பவருக்கு அரசு அலுவலகம் போலத் தோன்ற வேண்டும் என்பதே நோக்கம்.

தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐயும் சாட்சிக்கு இழுப்பார்கள். ‘ஆறு மாதச் சான்றிதழ்’ என்ற தொடர் அந்தக் கொள்கையில் இருப்பது உண்மைதான். ஆனால், அது பிளஸ் டூவும் அதற்கு மேலும் படித்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்குத் தரப்பட வேண்டிய பயிற்சியைப் பற்றிச் சொல்கிறது. தனியார் மையத்தில் பணம் கட்டிச் சேருவோருக்கு வேலை தருவதாக அங்கே ஒரு வரியும் இல்லை.

மான்டிசோரி என்ற பெயர்

மரியா மான்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் இந்தியாவில் தங்கியவர். நம் ஊரில் அந்தப் பெயருக்கு இருக்கும் மரியாதைக்கு உண்மையான வேர் உண்டு. ஆனால், அந்தப் பெயர் எவருக்கும் தனிச்சொத்து அல்ல. அது பொதுப்பெயர்தான் என்று 1967-இல் அமெரிக்காவிலும் முடிவாகிவிட்டது. அதனால் பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிவிடுகிறார்கள். மரியா மான்டிசோரியே 1929-இல் தொடங்கிய சர்வதேச மான்டிசோரி சங்கத்தோடு தொடர்பு இருப்பதாகச் சொன்னால், அந்தச் சங்கத்தின் மையப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே போய்க் கருவிகளையும் பாருங்கள். இளஞ்சிவப்புக் கோபுரம், தங்க மணிகள், உப்புத்தாள் எழுத்துகள்… இவற்றைக் கையில் எடுத்து, தரையில் பாய் விரித்து, திரும்பத் திரும்பச் செய்து பழகுவதுதான் அந்தப் பயிற்சி. பி.டி.எஃப். அனுப்பி, கூகுள் ஃபார்மில் தேர்வு வைத்து, கூரியரில் சான்றிதழ் தருவது மான்டிசோரி பயிற்சியே அல்ல.

கையெழுத்துக்கு முன் நிற்கும் நான்கு ஆபத்துகள்

ஒன்று, இ.எம்.ஐ. “வட்டி இல்லை மேடம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க” என்பார்கள். அந்த நொடியில் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனக் கடன் பிறந்துவிடலாம். மையம் பூட்டப்பட்டாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் விழும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

இரண்டு, அசல் சான்றிதழ். மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் ‘வெரிஃபிகேஷனுக்கு’ வாங்கி வைத்துக்கொள்வார்கள். விலக நினைத்தால் முழுப் பணம் கேட்பார்கள். கல்லூரிகளே அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் அறிவித்திருக்கிறது. பயிற்சி மையத்திடம் நகலைத் தவிர எதையும் கொடுக்காதீர்கள்.

மூன்று, சம்பளமில்லா வேலை. ‘பிராக்டிகல்’ என்ற பெயரில் அவர்களுடைய பிளே ஸ்கூலிலேயே மாதக்கணக்கில் ஆயா வேலையும் மிஸ் வேலையும் வாங்கிக்கொண்டு, வேலை உத்தரவாதம் நிறைவேறிவிட்டது என்று கணக்குக் காட்டுவார்கள். வேலை எங்கே, சம்பளம் எவ்வளவு, கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

நான்கு, வெளிநாட்டு ஆசை. “கனடா, ஆஸ்திரேலியாவில் சைல்டு கேர் ஆளுக்குத் தட்டுப்பாடு, இந்த டிப்ளமோ போதும்” என்பார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் அதற்கென்றே இருக்கும் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை மழலையர் கல்வியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் குடியேற விரும்பும் மழலையர் ஆசிரியரின் தகுதியை ஏ.சி.இ.சி.க்யூ.ஏ. என்ற அமைப்பு மதிப்பிடுகிறது. சிங்கப்பூரில் இ.சி.டி.ஏ. என்ற அமைப்பின் சான்று வேண்டும். “அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தருகிறோம்” என்பதிலும் மயங்காதீர்கள். ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையா என்பதை மட்டுமே அது சொல்லும். படிப்பின் தரத்துக்கு அது சாட்சி அல்ல.

பணம் மட்டுமல்ல, குழந்தையும்

எனக்குப் பெரும் அச்சம் தருவது இதுதான். அரைகுறைப் பயிற்சியோடு வகுப்புக்குள் போகும் பெண்ணின் கையில் இருபது குழந்தைகள் இருப்பார்கள். மூன்று வயதுக் குழந்தை வேர்க்கடலையை விழுங்கி மூச்சுத் திணறும்போது, முதுகில் எங்கே, எப்படித் தட்டுவது என்று அவருக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா? காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். அது தவறு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் போடாமல், மருத்துவ உதவியை அழைக்க வேண்டும் என்று சொல்லித்தந்தார்களா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை ‘அடம்’ என்று ஒதுக்காமல், காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது?

போக்சோ சட்டம் வந்தது 2012-இல். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது அந்தச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் வாயை மூடச் சொன்னாலும் அந்தக் கடமை ஆசிரியையை விட்டுப் போகாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக்கூடச் சொல்லித்தராத பயிற்சி, குழந்தையையும் காப்பாற்றாது, ஆசிரியையையும் காப்பாற்றாது.

ஆகவே சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கி வாசியுங்கள். கலர் பேப்பர் வெட்டுவதும் ரைம்ஸ் பாடுவதும் மட்டும்தான் இருக்கிறதா? குழந்தை வளர்ச்சி, முதலுதவி, பாதுகாப்பு, மாற்றுத்திறனுள்ள குழந்தைகள், தாய்மொழி வழியாகப் பேச்சு வளர்ப்பது ஆகியவை இருக்கின்றனவா? உண்மையான வகுப்பறையில், அனுபவமுள்ள ஆசிரியையின் மேற்பார்வையில் எத்தனை வாரம்?

அப்படியானால் என்ன செய்வது?

தனியார் நர்சரியில் வேலைதான் இலக்கு என்றால், பணம் கட்டும் முன் உங்கள் ஊரின் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு நேரில் போங்கள். “இந்த மையத்தின் சான்றிதழ் இருந்தால் எடுப்பீர்களா? தொடக்கச் சம்பளம் எவ்வளவு?” என்று முதல்வரிடமே கேளுங்கள். அந்தச் சம்பளத்தில் இந்தக் கட்டணத்தை மீட்க எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். பல பள்ளிகள் சொந்தமாகவே பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்கின்றன என்பது அப்போது தெரியவரும்.

வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்றால், நாடாளுமன்றச் சட்டத்தால் 1985-இல் தொடங்கப்பட்ட இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மழலையர் பராமரிப்பு, கல்விக்கான பட்டயப் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ போதும்; குறைந்தது ஓராண்டு. செய்முறைப் பணியும் உண்டு. அதுவும் டெட் எழுதும் தகுதியைத் தராது என்பதைத் தெரிந்துகொண்டே சேருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள். ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையவழியில் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930. பொய்யான அங்கீகாரத்தைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவைச் சொல்லிக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். செல்லாது என்று தெரிந்தபின் அந்தச் சான்றிதழை ‘அரசு அங்கீகாரம்’ என்று குறிப்பிட்டு எந்த வேலைக்கும் விண்ணப்பிக்காதீர்கள். அப்படிச் செய்தால் குற்றம் உங்கள் மேல் திரும்பும்.

“இன்றே கடைசி நாள் மேடம், நாளை ஃபீஸ் ஏறிவிடும்” என்று குரல் அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள். எந்த வேலைக்கு, எந்தத் துறையின் ஆணையில், எந்தப் பள்ளி ஏற்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கைக்கு வரும் வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.