238 என்று கேட்டால் 238தான் வரும்

மைக்கேல் கிரைட்டன் 1990இல் எழுதிய ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர் கதை என்றே பெயர் வாங்கியது. ஆனால் ஆடிட், கம்ப்ளையன்ஸ் வேலையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டிய நாவல் அது. ஸ்பீல்பெர்க்கின் 1993 படத்தில் இடம்பெறாத ஒரு காட்சியே அதற்குப் போதும்.

கதை நடக்கும் டைனோசர் பூங்காத் தீவு முழுக்க சென்சார்கள். கம்ப்யூட்டர் விலங்குகளை ஓயாமல் எண்ணுகிறது. இருக்க வேண்டியவை 238, திரையிலும் 238. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று நிர்வாகத்துக்குப் பெருமை. கணித நிபுணர் மால்கமுக்கு மட்டும் சந்தேகம். 239 என்று கொடுத்துத் தேடச் சொல்கிறார். கம்ப்யூட்டர் 239ஐயும் கண்டுபிடித்துவிடுகிறது! 300 என்று கொடுத்தால் 292 வருகிறது. விலங்கு குறைந்தால் தெரியவேண்டும் என்றே எழுதிய புரோகிராம் அது. சொன்ன கணக்கு நிறைந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடும். எல்லாமே பெண் விலங்குகள், பெருக வழியில்லை என்ற நம்பிக்கையில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கதைதானே என்று தள்ளிவிட முடியாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. வங்கிகளிடம் ஆடிட்டர்கள் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டிய இருப்புச் சான்றுகள் கம்பெனி நிர்வாகத்தின் கை வழியாகவே போய் வந்தன என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் கண்டறிந்தது. யாரைச் சோதிக்க வேண்டுமோ, அவரே விடையை எழுதித் தந்திருக்கிறார்.

நாவலின் வில்லன் என்று, பூங்காவின் கம்ப்யூட்டர் சிஸ்டத்தை அமைத்த ஒப்பந்ததாரரான நெட்ரியைச் சொல்வார்கள். போட்டிக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு பாதுகாப்பு அமைப்பை அணைத்தவன் அவன். ஆனால் மொத்த சிஸ்டத்தையும் ஒரே ஒப்பந்ததாரரை நம்பி விட்டது யார்? பேசியதற்கு மேல் வேலை வாங்கிவிட்டுக் காசு தர மறுத்தது யார்? பூங்காவின் முதலாளி ஹாமண்ட்தான். நெட்ரி செய்த துரோகத்துக்கு மன்னிப்பில்லை. அதற்குக் கதவைத் திறந்துவைத்தது நிர்வாகம்.

முதல் எச்சரிக்கை நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது. டாக்டரிடம் குற்றுயிராகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளி மண் தோண்டும் இயந்திரத்தில் அடிபட்டதாகக் கம்பெனிக்காரர் சொல்கிறார். காயத்தில் மண்ணே இல்லை. மிருகம் குதறியது போலிருக்கிறது என்பது டாக்டரின் சந்தேகம். அப்போதே உண்மையைப் பேசியிருந்தால் பின்னால் போன உயிர்கள் பிழைத்திருக்கும்.

உண்மை இப்படி மறைக்கப்படாமலிருக்க, தவறைக் கண்ட ஊழியர் அச்சமின்றிப் புகார் சொல்ல லிஸ்டட் கம்பெனிகள் வழி செய்ய வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவு. பெரும்பாலான கம்பெனிகள் அதற்கென ஒரு பாலிசியை எழுதி வெப்சைட்டில் போட்டுவிடுகின்றன. அதைப் படித்துத் திருப்தி அடையாதீர்கள். கடைசியாகப் புகார் கொடுத்தவருக்கு அடுத்த அப்ரைசலில் என்ன கிடைத்தது என்று விசாரியுங்கள். கம்பெனியின் நேர்மை அதில் தெரிந்துவிடும்.