அரியலூர் சிமெண்டுத் தூசியும் காட்டுக்கீரைகளும்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பயிரிடாமல் தானே முளைக்கும் கீரைகள் இன்றும் உணவாகின்றன. மழைக்குப் பின் மானாவாரி வயல்களில் வளரும் பண்ணைக்கீரை, தரையில் படரும் மூக்கிரட்டை, வேலியில் ஏறும் முசுமுசுக்கை ஆகியவை அவற்றுள் சில. காசில்லாமல் கிடைக்கும் சத்துணவு இது. ஆனால் பறிக்கும் இடம் முக்கியம்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் வளம் மிக்கது. 1979 இல் இங்கு அரசு சிமெண்டு ஆலை தொடங்கப்பட்டது. தனியார் ஆலைகளும் உள்ளன. சிமெண்டுத் தூசியில் பெரும்பகுதி சுண்ணாம்பே. எனினும் மூலப்பொருள், எரிபொருள் வழியாக வரும் காரீயம், காட்மியம், குரோமியம் ஆகியவை அதில் நுண்ணளவில் இருக்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும்.

இவ்வுலோகங்கள் கீரையை இரு வழிகளில் அடைகின்றன: வேர் உறிஞ்சுவது ஒன்று, இலைமேல் தூசி படிவது மற்றொன்று. சுண்ணாம்பு மிகுந்த மண் காரத்தன்மை உடையது. அது காரீயத்தையும் காட்மியத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால் வேர் அவற்றை எளிதில் உறிஞ்சுவதில்லை. (ஆறிணைதிறன் குரோமியம் இதற்கு விலக்கு, காரமண்ணில் அது எளிதாக நகரும்.) ஆகவே இங்கு முதலில் கவனிக்க வேண்டியது இலைத்தூசியே. சுரங்க லாரிகள் ஓடும் சாலையோரத்தில் கீரை பறிக்கக் கூடாது. வேறிடத்தில் பறித்ததையும் நறுக்குவதற்கு முன்பே பலமுறை அலச வேண்டும். சொரசொரப்பான முசுமுசுக்கை இலையில் தூசி நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்குக் கூடுதல் கவனம் தேவை. இலைக்குள் புகுந்துவிட்ட உலோகமோ சமைத்தாலும் அழிவதில்லை.

கோடெக்ஸ் உணவு நெறிப்படி ஒரு கிலோ கீரையில் காரீயம் 0.3 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.2 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. இவ்வளவு சிறிய அளவு கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாது. ஆய்வகச் சோதனையில்தான் தெரியும்.