எம்.டெக்.குக்குப் பக்கத்து வாசல்

பி.இ. முடித்துவிட்டு கேட் தேர்வுக்கு உட்காரும் பிள்ளைகள் பெரும்பாலும் எம்.டெக்.கை மனத்தில் வைத்துத்தான் படிக்கிறார்கள். சென்னை ஐஐடியில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசல் இருக்கிறது. எம்.எஸ்., அதாவது ஆராய்ச்சி வழி முதுகலை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இந்த மாதிரிப் படிப்புக்கு எம்.டெக். (ரிசர்ச்) என்று பெயர். அண்ணா பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி வழி எம்.எஸ். உண்டு. 'எம்.எஸ். சேரப் போகிறேன்' என்றால் 'அமெரிக்காவுக்கா?' என்று கேட்காத சொந்தக்காரர்கள் குறைவு.

எம்.டெக்.கில் முதல் வருடம் வகுப்பும் பரீட்சையுமாக ஓடிவிடும். இரண்டாம் வருடம் புராஜெக்ட். எம்.எஸ்.ஸில் பாடங்கள் கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஆய்வு. தீசிஸ் வெளியில் உள்ள நிபுணரின் மதிப்பீட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும், அப்புறம் வைவா. இரண்டு வருடம் என்று நினைத்துச் சேர்பவர்களுக்கு மூன்றாம் வருடம் தொட்டுவிடுவது சகஜம். ஆய்வு பிடித்துப்போனால் அப்படியே பிஎச்.டி.க்கு மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

சேர்க்கையும் வேறு மாதிரி. கேட் மதிப்பெண் நேர்முகம் வரை கொண்டுபோய் விடும். அதற்கு மேல் துறைப் பேராசிரியர்கள் கேட்கும் கேள்விகள்தான். மார்க்கரைக் கையில் கொடுத்து, ஒரு முனை சுவரில் பதிந்த உத்தரத்தை வரையச் சொல்வார்கள். மறுமுனையில் பாரம். எவ்வளவு தொய்யும்? இது எல்லோருக்கும் மனப்பாடம். 'சரி, பாரத்தை நடுவுக்கு நகர்த்துப்பா. இப்போது முனை எவ்வளவு தொய்யும்?' சூத்திரத்தைத் தேடுகிறவர் அங்கேயே நின்றுவிடுவார். பாரத்துக்கு அந்தப்புறம் உள்ள துண்டு வளையாது, நேராகவே சாயும் என்று கண்டுகொண்டவர் நாலு வரியில் முடித்துவிட்டு உட்காருவார். நாலு வருடம் வினாத்தாள் பார்த்துப் படித்த பிள்ளைகளுக்கு இந்த இடம் சிரமம்தான். ஆனால் கேட்பதில் தப்பில்லை.

உள்ளே போனபின் மாதங்கள் எங்கே கரைகின்றன என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விசையை அளக்கும் லோட் செல் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இண்டெண்ட் போட வேண்டும், கொட்டேஷன் வாங்க வேண்டும், அரசின் ஜெம் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வகங்களின் நெடுநாள் புலம்பலுக்குப் பிறகு 2025இல்தான் மத்திய அரசு இந்தக் கொள்முதல் விதிகளை ஓரளவு தளர்த்தியது. கருவி வந்து சேர்ந்ததும் அளவுத்திருத்தம். தெரிந்த எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக் குறித்துக்கொண்டே வந்தால், காலையில் காட்டிய பூஜ்யம் மத்தியானம் பூஜ்யமாக இருக்காது. ஏ.சி. அணைந்து அறை சூடேறியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும். தீசிஸில் அந்த வாரத்துக்கு ஒரு வரிகூடக் கிடைக்காது.

பணம்? பிஎச்.டி. மாணவர்களின் ஆரம்ப உதவித்தொகை 2019இல் 31,000 ரூபாயாகவும் 2023இல் 37,000 ஆகவும் உயர்ந்தது. கேட் வழி வரும் முதுகலை மாணவர்களுக்கான 12,400 இந்த இரண்டு முறையும் அசையவில்லை. அதே ஆய்வகம், அதே கருவி, அதே இரவு இரண்டு மணி. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் கல்விக் கடன் கழுத்தைப் பிடிக்கிறது என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருவதே நல்லது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் கைடு. நம்மூர் கவுன்சலிங் பழக்கம் முதலில் காலேஜ், அப்புறம் பிராஞ்ச் என்று பார்க்கச் சொல்லும். ஆராய்ச்சிப் படிப்பில் நாள்தோறும் முகம் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு மனிதருக்கு. அவர் ஊரில் இருப்பாரா, எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் திருப்புவார், அவரிடம் பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா? இதெல்லாம் துறை இணையதளத்தில் கிடைக்காது. அவரிடம் இருக்கும் சீனியர்களைக் கேன்டீனில் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். இரண்டு பேரிடமாவது கேளுங்கள். ஒருவர் அன்றைக்குத் திட்டு வாங்கியவராக இருக்கலாம்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் கிடைத்த இடத்தை விட்டுவிடுவதிலும் பெரிய நஷ்டமில்லை. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். சென்னை ஐஐடி எம்.எஸ்.ஸுக்கு வருடத்தில் இரண்டு முறை ஆள் எடுக்கிறது.