சிங்கப்பூரில் நிரந்தரவாசியின் முதல் வீடு

சிங்கப்பூரில் ஒருவர் எந்த வீட்டை வாங்கலாம் என்பதை அவருடைய வருமானத்துக்கு முன்பே அவருடைய குடிநுழைவு நிலை தீர்மானித்துவிடுகிறது. குடிமக்கள், நிரந்தரவாசிகள், வேலை அனுமதியில் தங்கியிருப்பவர்கள் ஆகிய மூவருக்கும் அங்கே திறந்திருக்கும் சந்தைகள் வேறு வேறு. கட்ட வேண்டிய வரியும் கிடைக்கும் கடனும் காத்திருக்க வேண்டிய காலமும்கூட வேறு வேறுதான். தமிழ்நாட்டிலிருந்து சென்று, சில ஆண்டுகள் வேலை பார்த்து, ‘பிஆர்’ எனப்படும் நிரந்தரவாசத் தகுதியைப் பெற்ற குடும்பங்கள் முதல் வீட்டை வாங்கும்போது இந்த விதிகளைத்தான் ஒவ்வொன்றாகக் கடக்கின்றன. அவற்றை முன்கூட்டியே வரிசையாக அறிந்து வைத்திருந்தால் பணமும் ஆண்டுகளும் மிச்சமாகும்.

கழக வீடுகளின் நகரம்

சிங்கப்பூரின் வீட்டுச் சந்தையைப் புரிந்துகொள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திலிருந்து தொடங்க வேண்டும். ‘வீவக’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்பு 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. நகரின் பெரும்பகுதி மக்கள் அப்போது நெரிசலான கடைவீடுகளிலும் அத்தாப்புக் குடிசைகளிலும் வாழ்ந்தார்கள். 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பரவிய தீ ஏறத்தாழ 16,000 பேரின் வீடுகளை அழித்தது. அந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்ததில்தான் கழகத்தின் வேகத்தை மக்கள் முதன்முதலில் கண்டார்கள்.

1964இல் வீடுகளை வாடகைக்கு விடுவதோடு சொந்தமாக விற்கும் திட்டமும் வந்தது. 1966இல் இயற்றப்பட்ட நில எடுப்புச் சட்டம் அரசுக்குக் குறைந்த விலையில் நிலம் கிடைக்க வழி செய்தது. 1968 முதல் தொழிலாளர்கள் தங்கள் மத்திய சேமநிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்க அனுமதிக்கப்பட்டார்கள். நிலம் அரசிடம், சேமிப்பு கட்டாயம், விற்பவர் அரசுக் கழகம் என்ற இந்தக் கூட்டு ஏற்பாட்டினால் இன்று அந்நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் சொந்த வீட்டில் வாழ்கிறார்கள். பெரும்பாலானோரின் வீடு கழகம் கட்டியதே.

‘சொந்தம்’ என்பது இங்கே 99 ஆண்டுக் குத்தகையைக் குறிக்கும். குத்தகை முடிந்ததும் வீடு கழகத்திடம் திரும்பிவிடும்.

யாருக்கு எந்தக் கதவு

குடிமக்கள் கழகத்திடமிருந்து நேரடியாக, மானிய விலையில், ‘பிடிஓ’ எனப்படும் புதிய வீட்டை வாங்கலாம். கணவன், மனைவியில் ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் நிரந்தரவாசியாகவும் இருந்தால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகச் செலுத்திப் புதிய வீடு பெறலாம். நிரந்தரவாசி பின்னர் குடியுரிமை பெற்றால் அந்தத் தொகைக்கு ஈடான மானியத்துக்கு விண்ணப்பிக்க இடமுண்டு.

இருவருமே நிரந்தரவாசிகள் என்றால் புதிய வீடு கிடையாது. அவர்களுக்கு உரியது மறுவிற்பனைச் சந்தை. அதாவது, முன்பு வாங்கியவர் விற்கும் கழக வீடு. திருமணமாகாத நிரந்தரவாசி தனியாளாக அதையும் வாங்க முடியாது. கணவர் நிரந்தரவாசி, மனைவி இன்னும் சார்ந்திருப்போர் அனுமதியில்தான் இருக்கிறார் என்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்டவர்கள் காண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீட்டை வாங்கலாம்; விலை பெரும்பாலும் கழக வீட்டைப் போல இரு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல்.

வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர் கழக வீட்டை வாடகைக்கு எடுக்கலாம், வாங்க முடியாது. காண்டோ வாங்கச் சட்டம் அனுமதித்தாலும் 2023 ஏப்ரல் முதல் விலையில் 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டும். நடுத்தரச் சம்பளக்காரருக்கு இது வாங்காதே என்று சொல்வதற்குச் சமம். கட்டுமானத் தளங்களில் ‘ஒர்க் பெர்மிட்’ என்ற வகை அனுமதியில் உழைப்பவர்கள் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கவே இயலாது. கழக வீடுகளைக் கட்டி எழுப்புபவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் உண்டு. அவற்றில் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழி அவர்களுக்கு இல்லை. இந்த ஏற்பாட்டின் சாதனையைப் பேசும் எவரும் அந்த விலக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

மூன்றாண்டுக் காத்திருப்பு

2013 ஆகஸ்ட்டிலிருந்து நிரந்தரவாசக் குடும்பங்கள் அந்தத் தகுதி கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகே மறுவிற்பனை வீடு வாங்க முடியும். கணவன், மனைவி இருவருக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஒருவருக்குத் தகுதி தாமதமாகக் கிடைத்திருந்தால் அவருடைய தேதியே கணக்கில் வரும்.

காத்திருக்கும் காலத்தில் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். 2022, 2023இல் சிங்கப்பூரில் வாடகை கடுமையாக ஏறியது. இந்தியர்களுக்கு வாடகைக்குத் தர மறுக்கும் வீட்டுக்காரர்களைப் பற்றிய புகார்களும் பலமுறை செய்தியாகியிருக்கின்றன. சொந்த வீட்டை நோக்கி இந்தியக் குடும்பங்களைத் தள்ளும் காரணங்களில் இந்த அவமதிப்பும் ஒன்று.

இந்த மூன்றாண்டுகள் சேமிப்புக்கும் உரியவை. வேலை அனுமதியில் இருந்தவரை வெளிநாட்டவருக்குச் சேமநிதி கிடையாது. நிரந்தரவாசம் கிடைத்த பின்பே கணக்கு தொடங்குகிறது. அதுவும் படிப்படியாகத்தான் வளரும். 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலாண்டில் முதலாளியும் ஊழியரும் சேர்ந்து செலுத்துவது சம்பளத்தில் 9 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 24 விழுக்காடு. மூன்றாம் ஆண்டில்தான் முழு விகிதமான 37 விழுக்காடு. முதலாளி ஒப்புக்கொண்டால் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து முதலாண்டிலிருந்தே முழு விகிதத்தில் செலுத்தலாம். கைக்கு வரும் சம்பளம் குறையும். ஆனால் முதலாளியின் பங்கு கூடுவதால் வீட்டுக்கான இருப்பு விரைவாகச் சேரும். வீடு வாங்கும் எண்ணம் உறுதியாக உள்ளவர்கள் இதைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டு ஒதுக்கீடுகள்

காலம் கனிந்த பிறகும் பிடித்த வீட்டையெல்லாம் வாங்கிவிட முடியாது. 1989இல், அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலனின் காலத்தில், இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரே இனத்தவர் ஒரே பேட்டையில் குவிந்துவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம். இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்த பிரிவுக்கு ஒரு பேட்டையில் 12 விழுக்காடும் ஒரு புளோக்கில் 15 விழுக்காடும் உச்சவரம்பு. வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் வீடு வாங்க வேண்டுமானால் விற்பவரும் அதே பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

2010இல் வந்த இன்னொரு வரம்பு, மலேசியர் அல்லாத நிரந்தரவாசக் குடும்பங்களுக்கானது: பேட்டையில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு. ஆகவே இந்தியாவிலிருந்து வந்த நிரந்தரவாசி இரண்டு சல்லடைகளிலும் தேற வேண்டும். இந்த நிலவரம் மாதந்தோறும் மாறுவதால், வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்த பிறகே வீட்டைப் பார்க்கச் செல்வது நல்லது.

இதே விதி பிற்காலத்தில் விற்கும்போதும் குறுக்கே வரும். சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையும் குறையக்கூடும். சிறுபான்மையினர் மீது விழும் இந்தச் சுமையை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. வாங்கும் நாளிலேயே விற்கும் நாளையும் எண்ணிப் பார்ப்பது இங்கே அவசியம்.

கையில் எவ்வளவு வேண்டும்

நிரந்தரவாசிகளுக்குக் கழகத்தின் கடன் இல்லை. வங்கிக் கடன் மட்டுமே. முதல் வீட்டுக்கு வங்கி அதிகபட்சமாக 75 விழுக்காடு வரை கொடுக்கும். கழக வீட்டுக்கு அந்த உச்ச அளவு கிடைக்கக் கடன்காலம் 25 ஆண்டுக்குள் அடங்க வேண்டும். வாங்குபவரின் 65 வயதைத் தாண்டவும் கூடாது. மீதி 25 விழுக்காட்டில் 5 விழுக்காட்டை ரொக்கமாகவே தர வேண்டும். 20 விழுக்காட்டைச் சேமநிதியிலிருந்து எடுக்கலாம். கழகத்தின் மதிப்பீட்டைவிட விலை அதிகமானால் அந்த வித்தியாசமும் ரொக்கம்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. நாலறை வீடு ஒன்றின் விலை 6,00,000 வெள்ளி, மதிப்பீடு 5,80,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கடன், மதிப்பீட்டின் மீது கணக்கிடப்பட்டு 4,35,000 வெள்ளி கிடைக்கும். சேமநிதியிலிருந்து 1,16,000. ரொக்கம் 29,000, அதோடு மதிப்பீட்டுக்கு மேற்பட்ட 20,000. ஆக ரொக்கமே 49,000 வெள்ளி. வழக்கமான முத்திரை வரி 12,600 வெள்ளி. குடிமக்கள் முதல் வீட்டுக்குக் கட்ட வேண்டியிராத கூடுதல் முத்திரை வரியை நிரந்தரவாசிகள் 5 விழுக்காடு கட்ட வேண்டும். அது 30,000 வெள்ளி. கடன் நீங்கலாகத் தேவைப்படுவது 2,07,600 வெள்ளி. வழக்கறிஞர், முகவர் கட்டணங்களும் வீட்டைச் செப்பனிடும் செலவும் இதற்கு மேல்.

மாதத் தவணை குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வேறு கடன்களையும் சேர்த்தால் உச்சவரம்பு 55 விழுக்காடு. சந்தை வட்டி குறைவாக இருந்தாலும் வங்கிகள் குறைந்தது 4 விழுக்காட்டில் இதைக் கணக்கிட வேண்டும். அந்த விகிதத்தில் மேற்சொன்ன கடனுக்கு 25 ஆண்டுத் தவணை மாதம் 2,296 வெள்ளி. அதற்குக் குடும்ப வருமானம் 7,650 வெள்ளிக்கு மேல் இருக்க வேண்டும். வாங்குபவர் 45 வயதுக்காரர் என்றால் கடன்காலம் 20 ஆண்டாகச் சுருங்கும். தவணை 2,636 வெள்ளியாக உயர, தேவைப்படும் வருமானம் ஏறத்தாழ 8,790 வெள்ளியாகிவிடும். தாமதமாகப் புலம்பெயர்ந்தவருக்கு வயதே ஒரு செலவு.

வாங்கும் படிகள்

முதல் படி, வீவக தரும் தகுதிக் கடிதம். 2023 மே முதல் நடப்பில் உள்ள இந்த ‘எச்எஃப்இ’ கடிதம் இல்லாமல் விற்பவரிடமிருந்து உரிமைப் பத்திரம் வாங்க முடியாது. கூடவே வங்கியிடம் கொள்கையளவிலான கடன் ஒப்புதலையும் பெற்றுக்கொள்வது பாதுகாப்பு.

விலை பேசி முடித்ததும் 1,000 வெள்ளிக்கு மேற்படாத தொகையைக் கொடுத்து ‘ஓடிபி’ எனப்படும் வாங்கும் உரிமைப் பத்திரத்தைப் பெறுகிறார்கள். அதன் ஆயுள் 21 நாள். கடன் பெறுபவரும் சேமநிதியைப் பயன்படுத்துபவரும் அடுத்த வேலை நாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து விலை பேசிய பிறகே மதிப்பீடு தெரியவருகிறது. அதனால் அண்மையில் அதே புளோக்கில் நடந்த விற்பனை விலைகளை ஆராய்வதே வாங்குபவருக்கு உள்ள ஒரே தற்காப்பு. மதிப்பீடு மிகவும் குறைந்தால் முன்பணத்தை விட்டுவிட்டு விலகலாம். தொடர விரும்பினால் பத்திரத்தை உறுதிப்படுத்தி, இரு தரப்பும் கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதிலிருந்து ஏறத்தாழ 8 வாரங்களில் சாவி கைக்கு வரும்.

சாவி கிடைத்த பிறகு

வாங்கியவர் ஐந்தாண்டுகள் அந்த வீட்டில் குடியிருந்தாக வேண்டும்; அதற்குமுன் விற்க முடியாது. அறைகளை வாடகைக்கு விடலாம். ஆனால் வீட்டை முழுமையாக வாடகைக்கு விடும் உரிமை ஐந்தாண்டுக்குப் பிறகும் நிரந்தரவாசிக்கு இல்லை.

மிகக் கடினமான நிபந்தனை வேறொன்று. கழக வீடு வாங்கும் நிரந்தரவாசி தனக்கு உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ சொந்தமாக உள்ள குடியிருப்புச் சொத்தை ஆறு மாதத்துக்குள் விற்றோ மாற்றியோ விட வேண்டும். ஊரில் பெற்றோர் குடியிருக்கும் வீடு மகன் பெயரில் இருக்கலாம். சென்னையில் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீடு இருக்கலாம். இவற்றை மறைப்பது வீட்டையே இழக்கும் அபாயத்தைத் தரும். பாகம் பிரிக்காத பூர்விகச் சொத்தில் பங்குள்ளவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கழகத்திடம் எழுத்தில் விளக்கம் பெற வேண்டும்.

குத்தகையின் மிச்ச ஆண்டுகளையும் கவனிக்க வேண்டும். குவீன்ஸ்டவுன், தோ பாயோ போன்ற பழைய பேட்டைகளில் 1970களில் கட்டப்பட்ட வீடுகளுக்குச் சுமார் 50 ஆண்டுகளே எஞ்சியிருக்கின்றன. மிச்சக் குத்தகை, வாங்குபவர்களில் இளையவரின் 95 வயது வரை நீடிக்காவிட்டால் சேமநிதியிலிருந்து எடுக்கும் தொகை குறைக்கப்படும். நகர மையத்துக்கு அருகே மலிவாகத் தோன்றும் பழைய வீடு, இந்தக் காரணத்தால் ரொக்கத்தை அதிகம் கேட்கும்.

விற்கும்போது, சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியோடு தன் கணக்கிலேயே திரும்பச் செலுத்த வேண்டும். ஆகவே லாபம் காகிதத்தில் தெரிந்தாலும் கையில் வரும் ரொக்கம் சிறிதாகலாம். நிரந்தரவாசத்தைத் துறந்து ஊர் திரும்புபவர் வீட்டை விற்றாக வேண்டும். சேமநிதி இருப்பை அப்போது முழுவதும் எடுத்துக்கொள்ளலாம்.

குடியுரிமை என்ற முடிவு

குடியுரிமை பெற்றால் தடைகள் பல நீங்கும். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குப் புதிய வீட்டுக்கும் கழகக் கடனுக்கும் மானியங்களுக்கும் தகுதி வரும். முதல் வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி இராது. மணமானவர்கள் சேர்ந்து முதல் வீடு வாங்கும்போது ஒருவர் குடிமகனாக இருந்தாலே அந்த வரியிலிருந்து விலக்குப் பெறலாம். மறுபக்கம், இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டைத் துறக்க வேண்டும். மகன்களுக்குத் தேசிய சேவைக் கடமை உண்டு. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற மகன்களுக்கும் அது பொருந்தும்.

எனவே வீட்டு முடிவைத் தனியாக எடுக்க முடியாது. சிங்கப்பூரில் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கப் போகிறோம், பிள்ளைகள் எங்கே வளரப் போகிறார்கள், ஊரில் உள்ள வீட்டை விட்டுக்கொடுக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்குக் குடும்பம் முதலில் ஒன்றாக உட்கார்ந்து விடை காண வேண்டும். பத்தாண்டுக்கு மேல் தங்கும் உறுதியுள்ளவர்களுக்கு, வாடகையாகக் கரையும் பணம் கடன் தவணையாக மாறுவது நியாயமான தேர்வு. அந்த உறுதி இல்லாதவர்கள் ஐந்தாண்டுக் கட்டுப்பாட்டையும் 5 விழுக்காட்டு வரியையும் சுமந்து அவசரப்பட வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இருந்தபடி சேமிப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பானது.