ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல்: எது எங்கே?

அண்ணன் தம்பி போல ஒரே சாயலில் இருக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை இன்று பார்ப்போம். ஒன்று ஹிஸ்டாரிக்கல், மற்றொன்று ஹிஸ்டாரிக்.

கடந்த காலத்தைச் சார்ந்தது எதுவும் ஹிஸ்டாரிக்கல். பங்கு அலுவலகத்திலுள்ள பழைய திருமுழுக்குப் பதிவேடு அப்படிப்பட்ட ஆவணம். சரித்திர நாவலையும் ஹிஸ்டாரிக்கல் நாவல் என்றே சொல்ல வேண்டும். ஹிஸ்டாரிக் நாவல் என்றால், அந்த நாவலே வரலாறு படைத்தது என்று பொருளாகிவிடும்! ஹிஸ்டாரிக் கனமான சொல். தனக்குப் பின் வந்தவற்றையெல்லாம் மாற்றிய நிகழ்வுக்கே அது பொருந்தும். 1962 அக்டோபர் 11 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தொடங்கியது ஹிஸ்டாரிக். அதன் பயனாகத்தான் இன்று தமிழில் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். அன்று எந்த ஆயர் எந்த இருக்கையில் அமர்ந்தார் என்ற குறிப்பு ஹிஸ்டாரிக்கல் மட்டுமே. இப்போதோ கிரிக்கெட் வெற்றி முதல் தள்ளுபடி விற்பனை வரை எல்லாமே ஹிஸ்டாரிக். சொல் தேய்ந்துகொண்டிருக்கிறது.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அல்ல. 1892இல் மார்ட்டின் கேலர் என்ற ஜெர்மன் புரோட்டஸ்டண்ட் இறையியலாளர் ஒரு நூல் வெளியிட்டார். ஜெர்மன் மொழியிலும் இதற்கு இரு சொற்கள் உண்டு. ஆய்வாளர்கள் ஏடுகளைத் துருவித் திரட்டித் தரும் இயேசுவை ஒரு சொல்லாலும், திருத்தூதர்கள் அறிவித்த, இன்றும் மனிதரை மாற்றுகிற கிறிஸ்துவை மற்றொரு சொல்லாலும் அவர் குறித்தார். ஆங்கில மொழிபெயர்ப்பில் அவையே ஹிஸ்டாரிக்கல், ஹிஸ்டாரிக் என்று வந்தன. பேராசிரியர்களின் அடுத்த ஆய்வு முடிவு வரும்வரை எளிய மக்கள் தங்கள் நம்பிக்கையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான்.

ஆனால் இரண்டையும் ஒரேயடியாக வெட்டிப் பிரிப்பது ஆபத்து. நடக்காத ஒன்று எப்படி வரலாற்றைத் திருப்பும்? அதனால்தான் லூக்கா, திபேரியு ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு என்று காலம் குறிக்கிறார். ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையில் நாம் பிலாத்தின் பெயரைச் சொல்கிறோமே, அவர் என்ன புனிதரா? ஆளுநர், அவ்வளவுதான். நம் ஆண்டவர் பாடுபட்டது இன்ன காலத்தில், இன்னார் ஆட்சியில் என்று சொல்லவே அந்தப் பெயர். 1961இல் செசரியாவில் இத்தாலிய அகழ்வாய்வாளர்கள் கண்டெடுத்த கல் ஒன்றில் அதே பெயர் இலத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல் இப்போது எருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.